வளர்ந்தவர்களுக்கு வானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது, நாற்பது, அறுபது வயதில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. கோணங்களும் நேரங்களும் சென்னைக்குச் சொல்லப்பட்டவை. தெற்கே போகப் போகக் கொஞ்சம் மாறும். எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

1. சின்ன வயசுல நிலாவப் பாத்தாலே ஒரு குதூகலம் இருந்துச்சு. இப்ப பாத்தா ஒண்ணுமே தோணலையே, ஏன்?

பெயர் தெரிந்துவிட்டதால்தான். "அது நிலா" என்று மனது ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. குழந்தைக்கு அந்த அவசரம் இல்லை. பகலில் ஏன் நிலா இருக்கிறது, ஏன் நம்மோடேயே வருகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கும். பழைய உணர்வு தானாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தால் வராது. பதில் தெரியாத ஒரு கேள்வியோடு போய்ப் பார்த்தால் வரும்.

உடனே சோதிக்கலாம். நேற்று இரவு எட்டு மணிக்கு நிலா எங்கே இருந்தது? இன்று அதே நேரத்துக்கு எங்கே இருக்கும்? நாற்பது வருடம் நிலாவைப் பார்த்தவர்களும் இங்கே தடுமாறுவார்கள். அது நாளுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஊகித்துத் தப்பாகிப் பிறகு பார்ப்பது நல்லது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான்.

2. என்னென்ன வாங்கணும்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு, பென்சில், பாய் அல்லது ஈசி சேர், ஒரு டார்ச் போதும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் அது கலைந்துவிடும். மங்கலான சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது.

"போய்ப் பார்த்தேன், நாலே நட்சத்திரம்தான்" என்பவர்களில் பாதிப் பேர் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தவர்கள். இன்னொன்று: பின்னால் நடந்துகொண்டே மேலே பார்க்காதீர்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

3. "அடிவானத்திலிருந்து 20 டிகிரி"ன்னு போட்டிருக்காங்க. அத எப்படி அளக்கறது?

கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடிய முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. சுண்டுவிரல் நுனி 1 டிகிரி. விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 20 டிகிரிக்குச் சற்று மேலே. குழந்தைக்குக் கை சிறிது, நீளமும் குறைவு என்பதால் கணக்கு ஒத்துவந்துவிடும்.

சரிபார்க்க, அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கிக்கொண்டே போங்கள். ஒன்பதாவது முஷ்டியில் நேர் உச்சிக்கு வரவேண்டும். ஏழிலேயே வந்துவிட்டால் முழங்கை மடங்கியிருக்கிறது, அல்லது எதிர்வீட்டு மாடி விளிம்பை அடிவானமாக எடுத்துக்கொண்டீர்கள்.

துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 டிகிரி, யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட ஒரு முஷ்டி, கன்னியாகுமரியில் 8. ஒரு நட்சத்திரத்தையும் ஒரு முஷ்டியையும் வைத்து உருண்டையான பூமியில் எவ்வளவு வடக்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

4. சிட்டில இருந்துக்கிட்டு இதெல்லாம் நடக்குமா? ஒண்ணுமே தெரியலையே.

பால்வீதி தெரியாது. அதை மறந்துவிடுங்கள். நிலா, வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி, பிரகாசமான இருபது நட்சத்திரங்கள் நகரத்திலும் தெரியும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையாகப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலே போதும். 9, 12 ஆகிய கேள்விகளில் வரும் சோதனைகள் நகரத்திலும் பழுதில்லாமல் நடக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நகரம் ஒரு வகையில் வசதிகூட. நல்ல இருட்டில் ஆயிரக்கணக்கில் தெரியும்போது எது எதுவென்று புரியாது. இங்கே முக்கியமானவை மட்டும் வடிகட்டி வந்து நிற்கின்றன.

5. முதல்ல எதப் பாக்கறது?

மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவு எட்டு மணிக்கு, சம இடைவெளியில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது. அந்தக் கோட்டைத் தென்கிழக்கே இரண்டு முஷ்டி நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். எதிர்ப்பக்கம் இரண்டு முஷ்டி போனால் ஆரஞ்சு நிற ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். பட்டைக்கு மேலே சிவந்திருப்பது திருவாதிரை. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே, இரண்டரை முஷ்டி உயரத்தில் தனியாக நிற்பது அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்). லண்டனில் இருப்பவருக்கு அது என்றைக்கும் தெரியாது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சப்தரிஷி மண்டலத்தின் வாலை அதே வளைவில் நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. மே நடுவில் ஒன்பது மணிக்குத் தெற்கே ஒன்றரை இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை. அதற்கு இடப்புறம் தாழ நிற்கும் இரண்டில் அதிகப் பிரகாசமானது ஆல்பா செண்டாரி. வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான், 4.4 ஒளியாண்டு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, மேகம் விட்டால், கொடுக்கோடு கூடிய விருச்சிகம் தெற்கே தெளிவாக இருக்கும்.

6. எனக்கு ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும்.

அப்படியானால் மூன்றாம் பிறை. அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளில், சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில், மேற்கே பாருங்கள். பிறைக்குள் இருக்கும் இருண்ட பாகமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அந்த வெளிச்சம் நம்முடையது. சூரிய ஒளி பூமியில் பட்டு, நிலாவுக்குப் போய், மறுபடி உங்கள் கண்ணுக்கு வருகிறது. கண் பழகக் காத்திருக்க வேண்டியதில்லை.

7. நிலா உதிக்கும்போது அவ்ளோ பெருசா இருக்கே, அப்புறம் ஏன் சுருங்கிடுது?

சுருங்குவதில்லை. நிலாவின் அகலம் அரை டிகிரி, அதாவது சுண்டுவிரல் நுனியில் பாதி. உதிக்கும்போது நீட்டிய கையில் ஒரு பட்டாணியைப் பிடித்து மறைத்துப் பாருங்கள், தாராளமாக மறையும். உச்சிக்கு வந்தபின் அதே பட்டாணியால் மறையுங்கள். வித்தியாசம் இருக்காது. உண்மையில் அடிவானத்தில் இருக்கும்போது நிலா, உச்சியில் இருப்பதைவிடச் சில ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகத் தள்ளித்தான் இருக்கிறது.

இது மூளையின் மயக்கம் என்று தெரிந்த பிறகும் அது பெரிதாகவே தெரியும். அளந்து பார்த்தவருக்கும் தெரியும். அதுதான் இதில் வேடிக்கை.

8. ஆப்தான் இருக்கே, நீட்டினா பேரு சொல்லிடுது. அப்புறம் எதுக்கு இவ்ளோ கஷ்டம்?

பெயர் சொல்லிவிடுவதுதான் பிரச்சினை (1-ஆம் கேள்வி). ஆப்பைப் பரீட்சைத் தாளைத் திருத்தும் வாத்தியாராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இது கோளா நட்சத்திரமா, மின்னுகிறதா, என்ன நிறம், எத்தனை முஷ்டி உயரம் என்று நோட்டில் எழுதிவிட்டு, கீழே இறங்கியபின் திறந்து பாருங்கள். மாடியிலேயே திறந்தால் திரை வெளிச்சத்தில் அரை மணி நேரப் பழக்கம் வீணாகும்.

ஆப் தப்பும் சொல்லும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, போன் உறையில் இருக்கும் காந்தம் இரண்டும் திசைகாட்டியைக் குழப்பும். உறையைக் கழற்றி, போனைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றி, தெரிந்த ஒன்றை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

9. பத்து நாள் ஆர்வமா பாத்தேன். அப்புறம் சலிச்சுப் போச்சு. என்ன பண்றது?

புதிது புதிதாகத் தேடுவதை நிறுத்திவிட்டு ஒரே நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கே அல்லது தெற்கே ஒரு கட்டடத்தின் நேரான செங்குத்து விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். முப்பது மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. தரையில் சாக்பீசால் குறி போட்டு, நாற்காலியை அங்கேயே வைத்து, தலையைச் சுவரில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, ஒரு பிரகாசமான நட்சத்திரம் அந்த விளிம்புக்குப் பின்னால் மறையும் வரை பாருங்கள். மெல்ல மங்காது, சட்டென்று அணைந்துவிடும். அந்த நேரத்தை நொடியோடு எழுதுங்கள்.

மறுநாள் அதே நட்சத்திரம் 3 நிமிடம் 56 நொடி முன்னதாக மறையும். அதற்கடுத்த நாள் இன்னொரு 3 நிமிடம் 56 நொடி. நடுவில் மேகம் போட்டாலும் கவலையில்லை. ஆறு நாள் கழித்துப் பார்த்தால் மொத்தம் 23 நிமிடம் 36 நொடி. பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு சூரியனையும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி சுற்றி நகர்ந்துவிடுவதால் வருவது இது. ஒரு நாற்காலியையும் எதிர்வீட்டுச் சுவரையும் வைத்துப் பூமியின் ஓட்டத்தை அளந்திருக்கிறீர்கள்.

கணக்கு வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் தலைதான். விளிம்பு பத்து மீட்டர் தூரத்தில் இருந்து, தலை பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிழை வரும். முப்பது மீட்டர் என்றால் முக்கால் நிமிடத்தோடு போகும். தென்னை ஓலையை விளிம்பாக வைக்காதீர்கள், காற்றில் ஆடும். கோளை எடுக்காதீர்கள், அது தானும் நகரும்.

10. டெலஸ்கோப் வாங்கலாமா, பைனாகுலர் போதுமா?

பைனாகுலர். 7×50 அல்லது 10×50. முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். வாங்கும் முன் தூரத்து விளக்கு ஒன்றைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால், அல்லது சில நிமிடத்தில் நெற்றி வலித்தால், இரண்டு குழல்களும் ஒரே திசையில் இல்லை, வேண்டாம். வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள், கார்த்திகைக் கூட்டத்தின் டஜன்கணக்கான நட்சத்திரங்கள், நிலாவின் பள்ளங்கள் எல்லாம் இதில் தெரியும். பள்ளங்களைப் பார்க்கப் பௌர்ணமி மோசமான நாள். அரை நிலாவில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில்தான் நிழல் நீளமாக விழும். சனியின் வளையம் மட்டும் தெரியாது. அதற்கு 25 மடங்காவது வேண்டும்.

பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சடித்த மலிவு டெலஸ்கோப்புகளை நம்ப வேண்டாம். விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரண்டு மடங்குதான் பயன்படும் உச்சவரம்பு. 60 மி.மீ. என்றால் 120. அதற்குமேல் மங்கலைத்தான் பெரிதாக்கும்.

11. பைனாகுலர்ல எல்லாம் ஆடிக்கிட்டே இருக்கு. கை நடுங்குதா எனக்கு?

எல்லோருக்கும் நடுங்கும். பத்து மடங்கு பெருக்கினால் நடுக்கமும் பத்து மடங்கு. ஈசி சேரில் சாய்ந்து முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றுங்கள். இல்லையென்றால் ஒரு ஒட்டடைக் கம்பைத் தரையில் நிறுத்தி, அதன் நுனியில் பைனாகுலரைத் தாங்குங்கள். வியாழனின் நிலாக்கள் அப்போதுதான் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். நோட்டில் ஒரு வட்டமும் நான்கு புள்ளிகளும் போட்டு வையுங்கள், அடுத்த நாள் புள்ளிகள் இடம் மாறியிருக்கும். கலிலியோ 1610 ஜனவரியில் செய்தது இதைத்தான்.

12. தினசரி காலண்டர்ல "இன்று ரோகிணி"ன்னு போட்டிருக்கே, அதுக்கும் வானத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். நிலா வானத்தை ஒருமுறை சுற்ற 27.3 நாள் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் அருகிலிருக்கும் நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். இன்று ரோகிணி என்றால் நிலா இன்று ரோகிணிப் பங்கில் இருக்கிறது. சோதிடப் பலன் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம். அந்த ஒற்றைச் சொல் மட்டும் வானத்தில் சரிபார்க்கக்கூடிய தகவல்.

ரோகிணி, மகம், சித்திரை ஆகிய மூன்றில் ஆரம்பியுங்கள். மூன்றும் நிலாவின் பாதையை ஒட்டியே இருக்கின்றன. அன்று நிலாவிலிருந்து ஒரு முஷ்டிக்குள் நட்சத்திரம் இருக்கும். சுவாதி, திருவோணம் வேண்டாம். அவை பாதையிலிருந்து மூன்று முஷ்டி வடக்கே விலகி நிற்கின்றன. நட்சத்திரம் எத்தனை மணி வரை என்று காலண்டரில் போட்டிருப்பதையும் பாருங்கள். காலையிலேயே முடிந்திருந்தால் இரவு அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிருக்கும். வைகாசி ரோகிணியில் முயலாதீர்கள். சூரியனும் ரிஷபத்தில் இருப்பதால் நிலா அமாவாசையை ஒட்டி மறைந்திருக்கும்.

திருவிழாக்களும் இதே கணக்குதான். கார்த்திகை தீபத்தன்று முழு நிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கம்; மாசி மகத்தில் மகத்தின் பக்கம்; சித்ரா பௌர்ணமியில் சித்திரையின் பக்கம். நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் தெரியாவிட்டால், சுவர் விளிம்பால் நிலாவை மறைத்துக்கொண்டு தேடுங்கள்.

13. நானும் பாத்தேன். கேட்டை நாளன்னைக்கு நிலா அந்தச் சிவப்பு நட்சத்திரத்தத் தாண்டிப் போயிருந்துச்சு. காலண்டர் தப்பா?

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். பங்குகள் சமமானவை, ஒவ்வொன்றும் 13 டிகிரி 20 கலை (60 கலை ஒரு டிகிரி). நட்சத்திரங்களோ சம இடைவெளியில் இல்லை. சித்திரை தன் பங்கின் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. கேட்டை தன் பங்கு தொடங்கும் எல்லையிலேயே, கொஞ்சம் வெளியே நிற்கிறது. அதனால் கேட்டை நாளில் நிலா அதைக் கடந்துவிட்டிருக்கும். அனுஷம் முடியும் தறுவாயில் பார்த்தால்தான் பக்கத்தில் இருக்கும்.

14. என் பிறந்த நட்சத்திரத்தப் பாக்க முடியுமா?

நீங்கள் பிறந்தபோது நிலா இருந்த பங்கு அது. பெயருக்குரிய நட்சத்திரத்தைக் கட்டாயம் பார்க்கலாம். இன்னொரு வகைப் பிறந்த நட்சத்திரமும் உண்டு: நீங்கள் பிறந்த வருடம் கிளம்பிய ஒளி இப்போது எதிலிருந்து வந்து சேருகிறதோ அது. பதினேழு வயதுப் பிள்ளைக்குத் திருவோணம். இருபத்தைந்துக்கு அபிஜித் (வேகா). முப்பத்துநான்கைத் தொட்டவருக்குப் புனர்பூசத்தின் இரண்டில் பிரகாசமானது, முப்பத்தேழுக்குச் சுவாதி. அறுபத்தைந்தை ஒட்டிய தாத்தாவுக்கு ரோகிணி. ஓரிரு வருடம் முன்பின் இருக்கலாம்.

15. அறிவியல் காரணம் தெரிஞ்சுட்டா அதிசயம் போயிடாதா?

திருவாதிரையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அது ரோகிணியைவிடப் பிரகாசமானது. 2019 கடைசியில் மங்க ஆரம்பித்து, ரோகிணியைவிடக் கீழே போய், 2020 பிப்ரவரியில் அடிமட்டத்தைத் தொட்டது. அந்த நட்சத்திரமே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது என்பது பிறகு கிடைத்த விளக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பழகியிருந்தவர்கள் வெறுங்கண்ணாலேயே அந்த மாற்றத்தைப் பிடித்தார்கள். ஒப்பிட்டுப் பழகாதவருக்கு அது எப்போதும்போல ஒரு சிவப்புப் புள்ளி.

16. கல்யாணத்துல அருந்ததி காட்டினாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, தலைய மட்டும் ஆட்டினேன்.

பகலில் காட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை இரவில் வடக்கே பாருங்கள். சப்தரிஷி வாலின் மூன்று நட்சத்திரங்களில் நடுவில் இருப்பது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. நேராக முறைத்தால் நழுவும். கொஞ்சம் தள்ளிப் பார்வையை வைத்தால் தெரியும். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. கல்யாணமாகி இருபது வருடமானாலும் பரவாயில்லை, இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள்.

17. அக்டோபர்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரை மேகம்தான். அதுவரைக்கும்?

நோட்டை மூடிவைத்துவிடலாம், தப்பில்லை. டிசம்பர் 13, 14 இரவுகளில் மட்டும் மேகம் விலகினால் நள்ளிரவுக்குப் பின் பாயை விரியுங்கள். ஜெமினிட் எரிநட்சத்திரங்கள் விழும் நாள்கள். பைனாகுலர் வேண்டாம், வானத்தின் பரப்பு முழுதும் கண்ணில் பட வேண்டும்.

பகலில் செய்ய ஒன்று உண்டு, ஆனால் இந்த மாதங்களில் இல்லை: நிழலில்லா நாள். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி நண்பகல் 12:07-க்கும், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி 12:13-க்கும் சூரியன் நேர் உச்சியில். மதுரையில் ஏப்ரல் 16-ஐ ஒட்டி, கன்னியாகுமரியில் ஏப்ரல் 11-ஐ ஒட்டி. ஒரு பிவிசி குழாய்த் துண்டைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நிழல் அடிக்குள் போய்விடும். ஏப்ரலில், அதுவரை நண்பகலில் வடக்கே விழுந்த நிழல் அதன்பின் தெற்கே விழும். டெல்லிக்காரர்களுக்கு இது கிடைக்காது, கடகரேகைக்கு வடக்கே இருக்கிறார்கள். இதில் நிழலை மட்டும் பாருங்கள். சூரியனை எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதன் வழியாகவும் பார்க்கக் கூடாது; பைனாகுலர் வழியே ஒரு கணம் பார்த்தாலும் பார்வை போகும்.

18. மின்னாம, சத்தமில்லாம ஒரு புள்ளி நகர்ந்து போச்சு. பாதி வானத்துல மறைஞ்சும் போச்சு. என்ன அது?

செயற்கைக்கோள். மிகப் பிரகாசமாக இருந்து, சில நிமிடங்களில் கடந்திருந்தால் சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பாதியில் மறைந்ததற்குக் காரணம் அது பூமியின் நிழலுக்குள் நுழைந்தது. சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளும், விடியலுக்கு முன்னும்தான் நன்றாகத் தெரியும்.

19. பையன் கூட வந்து நின்னு "நிலா ஏன்பா நம்ம கூடவே வருது"ங்கறான். தெரியலன்னு சொன்னா மானம் போகாதா?

சொல்லுங்கள், பிறகு இரண்டு பேருமாகச் சோதியுங்கள். தெருவில் அவன் ஒரு பக்கமும் நீங்கள் எதிர்ப்பக்கமும் நடக்க, நிலா யாரோடு வருகிறது என்று கத்திக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் "என் கூடத்தான்" என்பீர்கள். அடுத்து அருகிலிருக்கும் விளக்குக் கம்பம், தூரத்துத் தென்னை, நிலா மூன்றையும் பார்த்துக்கொண்டே பத்தடி நடக்கச் சொல்லுங்கள். கம்பம் வேகமாகப் பின்னால் போகும், தென்னை மெல்லப் போகும், நிலா அசையாது.

எவ்வளவு தூரம் நடந்தால் அசையும் என்று அடுத்து கேட்பான். நிலா 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. பின்னால் இருக்கும் நட்சத்திரங்களுக்கு எதிரே அது தன் அகலத்துக்கு விலகித் தெரிய, அந்த அகலத்தையே, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டரை, பக்கவாட்டில் கடக்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நேர்கோட்டில் போனாலும் இன்னும் 600 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்.